9 சீசனா ஸ்டெர்ன் டிரைவை நானே கழட்டிப் பூட்டுறன்: ஒயிலும் ரப்பரும் சொன்ன கதை

2016இலை ஒரு பழைய 19 அடி போட் வாங்கினன், 2004ஆம் ஆண்டு மொடல், 4.3 லீற்றர் வி6 இஞ்சின், பின்னாலை மெர்குரூசர் அல்ஃபா வண் ஜென் 2 எண்ட ஸ்டெர்ன் டிரைவ். நான் இருக்கிறது கனடாவிலை ஸ்காபரோவிலை, ஓடுறது முக்கால்வாசி லேக் சிம்கோவிலை, லீவு கிடைச்சால் ட்ரென்ட் செவர்ன் கால்வாய்ப் பக்கம். இந்த 9 சீசனும் டிரைவ் வேலை ஒண்டையும் வெளியிலை குடுக்கேல்லை, எல்லாம் என்ரை வீட்டு வாசலிலை, கார் விடுற டிரைவ்வேயிலைதான். பழைய போட் வாங்க நினைக்கிற எங்கடை ஆக்கள் கனபேர் கேக்கிறபடியால் எழுதுறன்.

அவுட்போர்ட் எண்டால் எல்லாம் ஒண்டா வெளியிலை தொங்கும். ஸ்டெர்ன் டிரைவிலை இஞ்சின் போட்டுக்குள்ளை, கியரும் புரொப்பெல்லரும் வெளியிலை, ரெண்டையும் சேர்க்க போட்டின்ரை பின்சுவரிலை பெரிய ஓட்டை ஒண்டு, அதுவும் தண்ணி மட்டத்துக்குக் கீழை. அந்த ஓட்டையாலை தண்ணி வராமல் பிடிச்சு வைச்சிருக்கிறது பெலோஸ் எண்ட ரப்பர், ஆர்மோனியப் பெட்டித் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும். இதை முதல் விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானா விளங்கும்.

வாங்கின முதல் வருசம் ஒக்டோபரிலை டிரைவின்ரை அடி ஸ்குரூவைக் கழட்டினன், ஒயில் பால்தேத்தண்ணி நிறத்திலை வந்தது, எனக்கு வயித்தைக் கலக்கிச்சுது. தண்ணி உள்ளுக்கை போயிருக்கு. புரொப்பெல்லரைக் கழட்டிப் பாத்தால் ஷாஃப்டிலை மீன்பிடிக்கிற நைலோன் தங்கூசி இறுகச் சுத்திக் கிடக்கு, அது தண்ணி உள்ளை போகாமல் மறிக்கிற ரப்பர் சீலை அறுத்திட்டுது. ஷாஃப்டைத் தாங்கிற பேரிங் கேரியரைக் கழட்டித்தான் சீல் மாத்தவேணும், கையாலை இழுத்து வராது, நிதானமாச் செய்தன், ரெண்டு சனி ஞாயிறு போச்சு. அண்டையிலை இருந்து ஒவ்வொரு சீசனும் புரொப்பெல்லரைக் கழட்டி ஷாஃப்டைப் பாத்து கிரீஸ் பூசித்தான் திருப்பிப் போடுறன்.

ஒயில் மாத்திறது ஏன் இலையுதிர்காலத்திலை எண்டு கேப்பினம். தண்ணி ஒயிலை விடப் பாரம், போட் நிண்டால் அடியிலை தங்கும், ஒன்ராறியோ குளிருக்கு அது உறைஞ்சு விரிஞ்சால் டிரைவின்ரை அலுமினியம் ஓடே வெடிக்கும். வசந்தத்திலை மாத்தலாம் எண்டு விட்டால் பிந்திப்போகும். திருப்பி ஒயில் விடேக்கை மேலாலை ஊத்தாதேங்கோ, காத்து உள்ளை மாட்டுப்படும். கைப்பம்ப் வைச்சுக் கீழ் ஓட்டையாலை ஏத்தவேணும், மேல் ஓட்டையாலை குமிழி இல்லாமல் ஒயில் வந்தவுடனை முதல் மேல் ஸ்குரூவைப் பூட்டி, அதுக்குப் பிறகுதான் பம்பை எடுத்துக் கீழ் ஸ்குரூவைப் பூட்டவேணும். இஞ்சின் பக்கத்திலை இருக்கிற ஒயில் போத்திலோடை சேர்த்து கிட்டத்தட்ட 1.9 லீற்றர் பிடிக்கும். ஸ்குரூ வாசர் ஒவ்வொருமுறையும் புதுசு போடுங்கோ, சில்லறைக் காசுதான். சீசன் முழுக்க அந்தப் போத்திலை இடைக்கிடை பாருங்கோ, மட்டம் குறைஞ்சால் ஒயில் எங்கையோ ஒழுகுது, நிறம் மங்கி மட்டம் ஏறினால் தண்ணி உள்ளை வருது.

2018இலை திரும்பேக்கை மட்டும் பின்னாலை உறுமிற மாதிரி ஒரு சத்தம், நேரா ஓடினால் இல்லை. இஞ்சினிலை இருந்து டிரைவுக்குப் போற ஷாஃப்டைத் தாங்கிற கிம்பல் பேரிங்தான். டிரைவை முழுசா மேலை தூக்கி டோர்ச் அடிச்சுப் பாத்தன், அந்த ஷாஃப்டின்ரை மடங்கிற மூட்டை (யூ ஜொயின்ட்) மூடியிருக்கிற பெலோஸிலை அடி மடிப்பிலை வெடிப்பு, அதாலை தண்ணி போய்த்தான் பேரிங் கெட்டிருக்கு, டிரைவ் கீழை இருக்கேக்கை அது தெரியவே தெரியாது. அதுக்கு முதல் வருசம் நான் அப்பிடித் தூக்கிப் பாக்கேல்லை, பாத்திருந்தால் பேரிங் தப்பியிருக்கும். கியரை முன்னுக்குப் போட்டிட்டு, 5/8 இஞ்சி நட் ஆறையும் கழட்டி, மச்சானைக் கூப்பிட்டு ரெண்டுபேராத்தான் டிரைவை இறக்கினம், தனியத் தூக்காதேங்கோ, முதுகு போயிடும். டிரைவ் திரும்பிற பாகத்தைப் பிடிச்சிருக்கிற ஹிஞ்ச் பின் துருப்பிடிச்சு அசையேல்லை, அதுக்கெண்டு இருக்கிற டூல் இல்லாமல் தொடக்கூடாது, இல்லாட்டித் தலை தேஞ்சு இன்னும் மோசமாகும். பேரிங் மாத்தினன், யூ ஜொயின்ட், எக்ஸோஸ்ட், ஷிஃப்ட் கேபிள் எண்டு பெலோஸ் மூண்டையும் ஒரேயடியா மாத்தினன். ஷிஃப்ட் கேபிள் பெலோஸ் சின்னன் எண்டு விட்டிடாதேங்கோ, அது கிழிஞ்சால் தண்ணி நேரா போட்டுக்குள்ளைதான் வரும், இறங்குதுறையிலை கட்டிவைச்ச போட் ராவோடை ராவா தாழும். டிரைவைத் திருப்பிப் போட முதல் இஞ்சின் நேரா நிக்குதோ எண்டு அலைன்மென்ட் கம்பி விட்டுப் பாக்கவேணும், அது பாரம் இல்லாமல் ஷாஃப்ட் பூட்டுற இஞ்சின் கப்ளருக்குள்ளை வழுக்கிப் போகவேணும், நான் சிநேகிதன் ஒருத்தரிட்டை இரவல் வாங்கினன். நட்டுகளை 50 அடி ராத்தலுக்கு இறுக்கினன்.

டிரைவின்ரை அலுமினியம் கரையாமல் அதுக்குப் பதிலாத் தான் கரையிற உலோகக் கட்டிதான் அனோட், அந்த விசயம் கனபேருக்குத் தெரியாது. உப்புத்தண்ணிக்குப் போடுற சிங்க் அனோட் ஏரித்தண்ணியிலை மேலை ஒரு படை பிடிச்சு வேலை செய்யாமல் போயிடும், அப்ப டிரைவின்ரை அலுமினியம்தான் கரையும். நன்னீருக்கு மக்னீசியம் போடுங்கோ, அரைவாசி கரைஞ்சவுடனை மாத்துங்கோ. அனோட் கரையேல்லை எண்டு சந்தோசப்படக்கூடாது, அது தன்ரை வேலையைச் செய்யேல்லை எண்டுதான் அர்த்தம்.

இஞ்சினைக் குளிராக்கத் தண்ணி இழுக்கிற ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர், அதை ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கீழ் யூனிட்டைக் கழட்டி மாத்துறன். ஒரு விநாடிதானே எண்டு தண்ணி இல்லாமல் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதேங்கோ, ரப்பர் சிறகு உடனை எரியும். பழைய இம்பெல்லரிலை சிறகுத் துண்டு குறைஞ்சிருந்தால் அந்தத் துண்டைத் தேடிப் பிடிக்கவேணும், அது கூலிங் ஹோஸிலை எங்கையோ அடைச்சுக்கொண்டு இருக்கும்.

எங்கடை அப்பா பருத்தித்துறையிலை ஒரு ஃபைபர் போட்டும் அவுட்போர்டும் வைச்சிருந்தவர், கடலாலை வந்து இஞ்சினை நல்லதண்ணியாலை கழுவாமல் வீட்டை வந்து சாப்பிடமாட்டார். ஒவ்வொரு ஒக்டோபரும் கையிலை கிரீஸோடை டிரைவுக்குப் பக்கத்திலை குந்தியிருக்கேக்கை அவரைத்தான் நினைப்பன்.

குளிருக்கு மூடேக்கை இஞ்சின் புளொக்கின்ரை ரெண்டு பக்கத்திலையும் தண்ணி வடிக்கிற ட்ரெயினையும், புகை போற மனிஃபோல்ட் ரெண்டின்ரை ட்ரெயினையும் திறந்துவிடுங்கோ. தண்ணி வராட்டி உள்ளை இல்லை எண்டு நம்பிப் போகாதேங்கோ, கம்பியாலை குத்துங்கோ, துருவும் மண்ணும் அடைச்சிருக்கும். பிறகுதான் உறையாமல் இருக்கிற பிங்க் அன்டிஃப்ரீஸ் விடவேணும். டிரைவை முழுசாக் கீழை இறக்கி வைக்கவேணும், தூக்கி வைச்சால் குளிர் முழுக்க ரப்பர் இழுபட்டு நிக்கும். போட்டை ஏரியாலை இழுத்தவுடனை உள்ளை நிக்கிற தண்ணியை வடிக்கிற ட்ரெயின் பிளக்கைக் கழட்டுங்கோ, 2022 ஜனவரி 1இலை இருந்து ஒன்ராறியோவிலை அது சட்டம், வெளியிலை இருந்து வந்து ஏரிகளிலை பரவிற சீப்ரா மட்டி மாதிரி உயிரினம் இன்னொரு ஏரிக்குப் போகாமல் இருக்கத்தான்.

2023இலை பெலோஸ் ரெண்டாந்தரம் மாத்தினன், இந்தமுறை வெடிக்க முதல். ஹிஞ்ச் பின்னுக்கு முந்தியே கிரீஸ் பூசி வைச்சபடியால் அரை மணித்தியாலத்திலை கழண்டுது. போன கிழமை ஒயில் இறக்கினன், தெளிவா வந்தது, அடி ஸ்குரூ காந்தத்திலை மெல்லிய பசை மாதிரி கொஞ்சம், துண்டு ஒண்டும் இல்லை. பழைய போட் பாக்கப் போறவை விக்கிறவரிட்டைக் கேட்டு அந்த அடி ஸ்குரூவை ஒரு சுத்து இளக்கி, ரெண்டு சொட்டு விரலிலை எடுத்துப் பாத்திட்டு விலை பேசுங்கோ. அவர் விடமாட்டன் எண்டால் அடுத்த போட்டைப் பாருங்கோ.