ஒரு ஜெபக்குழுவுக்கு ஒரு மிஷனரி குடும்பம்: சபை இணைப்புத் திட்டத்தில் ஓராண்டு

பல ஆண்டுகளாக எங்கள் சபைக்கு மிஷனரி ஊழியம் என்பது, மாதம் ஒருமுறை எடுக்கப்படும் காணிக்கையும் அறிவிப்புப் பலகையில் நிறம் மங்கிப்போன சில புகைப்படங்களுமாகவே இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்ற பாரத்தோடு, ஒரு மிஷனரி இயக்கம் நடத்தும் சபை இணைப்புத் திட்டத்தில் சென்ற ஆண்டு சேர்ந்தோம்.

சபை முழுவதற்கும் ஒரு நீண்ட பட்டியலைத் தராமல், ஒவ்வொரு வீட்டு ஜெபக்குழுவுக்கும் ஒரே ஒரு மிஷனரி குடும்பத்தை ஒப்படைக்கிறார்கள். மாதந்தோறும் ஜெபக்கடிதமும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை காணொளி அழைப்பும் உண்டு. கடிதம் பெற்ற குழு இரண்டு வாரங்களுக்குள் பதில் எழுதியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை தொடக்கத்தில் எனக்குச் சுமையாகத் தோன்றியது. இப்போது அதுவே இத்திட்டத்தின் உயிர் என்று கருதுகிறேன். இரண்டு ஆண்டுகள் மொழி கற்றும் முதியவர்களின் பேச்சு இன்னும் பிடிபடவில்லை என்று மிஷனரியின் மனைவி எழுதிய ஒரு வரியை, எங்கள் குழுவிலுள்ள வயதான சகோதரி ஒருவர் தினமும் ஜெபத்தில் வைத்தார். மூன்றாவது அழைப்பில் அந்தச் சகோதரியின் முழங்கால் வலியைப் பற்றி அவர்களே விசாரித்தபோது குழு முழுவதும் நெகிழ்ந்துபோனது. பிலிப்பி சபையார் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து, தான் வியாதிப்பட்டதை அவர்கள் கேள்விப்பட்டார்களே என்று வியாகுலப்பட்டதாகப் பவுல் எழுதுகிறார். அனுப்பினவர்களும் அனுப்பப்பட்டவரும் ஒருவருக்காக ஒருவர் கலங்கும் அந்த உறவின் ஒரு சிறு பங்கை நாங்களும் அன்று கண்டோம்.

இந்தியாவுக்கு மிஷனரியாக வந்த வில்லியம் கேரிக்காகக் கயிறு பிடித்தவர், அதாவது அவரைத் தாய்நாட்டிலிருந்தே தாங்கியவர், என்று நினைவுகூரப்படும் ஆண்ட்ரூ புல்லர், 1792-இல் இங்கிலாந்தின் கெட்டரிங்கில் தொடங்கிய பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தின் செயலராக, 1815-இல் தாம் மரிக்கும்வரை உழைத்தார். கயிறு பிடிப்பது ஒருநாள் உற்சாகத்தில் முடிகிற காரியம் அல்ல என்பதால், நீண்டகாலத் தொடர்பை வலியுறுத்தும் இத்திட்டத்தின் போக்கு எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் ஜெப அட்டைகளும் பயனுள்ளவையே.

குறைகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். கடிதங்கள் அலுவலகத்தில் திருத்தப்பட்டே எங்களுக்கு வருகின்றன. பணித்தளத்தின் பாதுகாப்புக்காகப் பெயர்களையும் இடங்களையும் மறைப்பது அவசியம். ஆனால் சோர்வையும், வீடுதோறும் சந்தித்த மறுப்பையும், பிள்ளைகளின் தனிமையையும் நீக்கிவிட்டு ஞானஸ்நானங்களையும் கூட்டங்களையும் மட்டும் மீதம் வைத்தால், எதற்காகப் பாரத்தோடு ஜெபிப்பது? நாங்கள் அறிய வேண்டியவற்றைப் பெரும்பாலும் காணொளி அழைப்புகளில்தான் அறிந்தோம்.

மற்றது இன்னும் வருத்தமானது. வேறொரு குழு ஒன்பது மாதங்கள் தாங்கிய குடும்பம் உடல்நலக் குறைவால் பணித்தளத்தை விட்டுத் திரும்பியபோது, ஒருவரிச் செய்தியோடு அடுத்த வாரமே புதிய குடும்பம் ஒதுக்கப்பட்டது. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியதும் சபையைக் கூட்டி, தேவன் தங்களைக்கொண்டு செய்த அனைத்தையும் அறிவித்தார்கள். திரும்பி வருகிறவர்களுக்கும் அவர்களை அனுப்பிய சபைக்கும் அப்படி ஒரு சந்திப்பை இத்திட்டம் ஏற்படுத்தித் தர வேண்டும் என்று இயக்கத்தாருக்கு எழுதியிருக்கிறோம்.

வாரந்தோறும் தவறாமல் கூடும் ஜெபக்குழுக்கள் உள்ள சபைகளுக்கு இத்திட்டத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். கடிதத்தைப் போதகர் ஒருவர் மட்டுமே வாசிக்கும் சபைக்கு இது பயன்படாது. நாங்கள் இரண்டாம் ஆண்டுக்கும் பதிவு செய்துவிட்டோம். திரும்பி வந்த அந்தக் குடும்பத்துக்கு, திட்டத்துக்கு வெளியே, அந்தக் குழுவினர் இன்றும் மாதந்தோறும் கடிதம் எழுதிவருகிறார்கள்.