ஆர்ஓ மெஷினுக்கு நாலு, அதை விற்க வந்த டெமோவுக்கு ஒன்று

ஆர்ஓ என்ற, தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுக்கும் மெஷினுக்கு ஐந்துக்கு நாலு தருவேன். அதை விற்க வீட்டுக்கு வந்து காட்டிய டெமோவுக்கு ஒன்று தரவே மனசு வரவில்லை. வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை.

நாங்கள் இருப்பது கோவை ஆர்.எஸ்.புரம். சமையலறைக் குழாயில் சிறுவாணி அணைத் தண்ணீர், புழங்குவதற்கு போர் தண்ணீர். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். டெமோவுக்குச் சொன்னது என் மாமியார். அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் "பெரிய டாக்டர் ஒருவர் சொன்னது, உடனே எல்லோருக்கும் அனுப்பவும்" என்று ஒரு செய்தி சுற்றியது. குழாய்த் தண்ணீர் குடித்தால் குழந்தைகளின் கிட்னி போய்விடும் என்பதுதான் விஷயம். எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்தார், ஒன்றும் கிடையாது. கடைசியில் ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தது. அத்தைக்குப் பேரன் என்றால் உயிர். கூப்பிட்டுவிட்டார்.

வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். மரியாதையான பையன். சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அட்டை, அட்டையில் 'வாட்டர் எக்ஸ்பர்ட்'. தண்ணீர் மெஷின் விற்க எதற்கு டாக்டர் கோட்டு என்று யாரும் கேட்பதில்லை. கோட்டைப் பார்த்ததும் அத்தை எழுந்து நின்று நாற்காலி போட்டார். அந்தக் கோட்டின் வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

முதலில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) காட்டும் மீட்டரை எடுத்துச் சிறுவாணித் தண்ணீரில் விட்டார். ஐம்பதைக்கூடத் தொடவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "போர் குழாய் எங்கேங்கம்மா?" என்றார். அதில் தொள்ளாயிரத்தைத் தாண்டியது. "பாத்தீங்களாம்மா" என்று மீட்டரை அத்தையின் கண் முன்னால் நீட்டினார். நாங்கள் குடிக்காத தண்ணீரின் எண் அது. "குடிக்கிறது சிறுவாணிங்க தம்பி" என்று அத்தை சொன்னதற்கு, "சிறுவாணி எல்லாம் அந்தக் காலமுங்கம்மா" என்று முடித்துவிட்டார்.

(சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வோம். யார் குடித்துப் பார்த்து இடம் கொடுத்தது என்று கேட்பவர் இல்லை. ஊர்ப் பெருமை கேட்க விடாது. மனசைத் தொடும் பேச்சு விளம்பரத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றில்லை.)

அடுத்துதான் பெரிய காட்சி. இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். நான்கு உலோகக் கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை இரண்டிலும் முக்கி, பிளக்கைச் சொருகினார். ஒரு நிமிஷத்தில் போர் தண்ணீர் பச்சையாகக் கலங்கி, பிறகு துருப்பிடித்த நிறத்தில் திரிதிரியாக அழுக்கு மிதக்க ஆரம்பித்தது. ஆர்ஓ டம்ளர் அப்படியே பளிச்சென்று இருந்தது. தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "குட்டிப் பையன் ஸ்கூலுக்குப் போயிருக்கானுங்களாம்மா?" என்று கேட்டார். அத்தையின் முகம் வாடியதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பிகளில் ஒரு ஜோடி இரும்பு, ஒரு ஜோடி அலுமினியம். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். கரைந்த இரும்பு முதலில் பச்சையாகவும், காற்றுப் பட்டதும் பழுப்பாகவும் படியும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பி கரையாது. அவ்வளவுதான். தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதைத்தான் அந்த டெமோ காட்டுகிறது. சுத்தமா இல்லையா என்பதை அது சொல்லவே சொல்லாது.

நான் அடுக்களையிலிருந்து ஒரு சிட்டிகை தூள் உப்பு எடுத்து வந்து, அவருடைய ஆர்ஓ டம்ளரில் போட்டுக் கலக்கி, "இப்ப மறுபடி போடுங்க தம்பி" என்றேன். தயங்கினார், ஆனாலும் போட்டார். போர் தண்ணீரைவிட மோசமாகக் கலங்கியது. "எங்களுக்கு இப்படித்தானுங்க மேடம் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. டிரெயினிங் கொடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

கையில் கொடுத்த நோட்டீசையும் படித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு குழந்தை, பக்கத்தில் கலங்கிய தாய். மடித்த பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்போடு சிரிக்கும் பெண், 'மருத்துவர்கள் பரிந்துரைப்பது' என்ற வரி, பெயர் இல்லை. '99.99% கிருமி நீக்கம்', எந்த ஆய்வகத்தில் சோதித்தது என்று இல்லை. கடைசியில் இன்று புக் செய்தால் மூவாயிரம் தள்ளுபடி. பயம் ஆறுவதற்குள் கையெழுத்து வாங்க வேண்டுமே!

உண்மையில் பார்க்க வேண்டியது என்ன? இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது, தண்ணீர் வீணாவதுதான் காரணம். இன்னொன்று, டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமி தெரியாது. எண் ஐம்பது காட்டும் தண்ணீரிலும் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். அதற்குக் காய்ச்சிக் குடிப்பதே போதும். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். கோவையிலும் இருக்கிறது.

சரி, மெஷினுக்கு எப்படி நாலு? அதே மாடலை சூலூரில் என் நாத்தனார் வீட்டில் வைத்திருக்கிறார்கள். அங்கே போர் மட்டும்தான், மீட்டரில் ஆயிரத்து இருநூறு. மெஷினில் வடிந்த பிறகு எண்பது சொச்சம். பருப்பு வேகிறது, டீ திரியவில்லை, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் இல்லை. அந்த வீட்டுக்கு அது தேவையான பொருள். சத்தம் குறைவு, டேங்க் கழற்றிக் கழுவ வசதி. ஒரு லிட்டர் கிடைக்க இரண்டு லிட்டருக்கு மேல் வெளியே போகிறது. நாத்தனார் அதைப் பிடித்துப் பாத்திரம் கழுவவும் வீடு துடைக்கவும் வைத்துக்கொள்கிறார். ஒரு மதிப்பெண் குறைத்தது பராமரிப்புக்காக. ஃபில்டர், மெம்பரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) விலையை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. வருஷ ஒப்பந்தத்தில் எதெல்லாம் சேரும், எது சேராது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் வாங்கவில்லை. அத்தைக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை, சிறுவாணியையே காய்ச்சி ஆற வைக்கிறார். கண்ணால் பார்த்த பழுப்பு நிறம் விளக்கத்தால் அவ்வளவு சீக்கிரம் அழியாது, அதனால்தான் அந்த டெமோ இத்தனை வருஷமாக ஓடுகிறது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விளம்பரத்தில் வந்து சிபாரிசு செய்யும் பிரபலங்களுக்கும் அது பொருந்தும். நோட்டீசைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.