லங்காவியில் பாய்மரப் படகில் தீவு சுற்றல்: மலைக்காரர்களுக்கு ஒத்துவருமா?

கொடைக்கானலிலும் குன்னூரிலும் விடுதி, டாக்ஸி, கடை என்று சீசனை நம்பிப் பிழைப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் ஊரைவிட்டு நகர முடியாது. பொங்கல் கூட்டம் வடிந்து பிப்ரவரி முடியும்வரைதான் கை ஓயும். மலேசியாவின் லங்காவித் தீவுகளில் பாய்மரப் படகு ஏற அதுதான் சரியான காலம். டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே வாடைக்காற்று. மலாய் தீபகற்பம் குறுக்கே நின்று மறைப்பதால் அலை அதிகம் எழும்பாது, மழையும் குறைவு. சீசன் முடிந்த களைப்பில் ஜூன், ஜூலைக்குப் பதிவு செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது தென்மேற்குப் பருவக்காற்று. சுமத்ரா பக்கமிருந்து விடியுமுன் திடீரென அடிக்கும் சூறை நங்கூரத்தையே இழுத்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும்.

இங்கே மதிப்பிடுவது கூவா நகரிலிருந்து நான்கு இரவு, ஐந்து நாள் கூட்டிப்போகும் ஒரு சேவையை. 40 அடி கேட்டமரன் (இரட்டை உடல் பாய்மரப் படகு), நான்கு கேபின், இரண்டு கழிப்பறை, எட்டு விருந்தாளிகள், ஒரு ஸ்கிப்பர் (படகுத் தலைவர்), ஒரு சமையல்காரர். படகும் ஆட்களும் தரம். பயண நிரலும் தண்ணீர்க் கணக்கும் சரியில்லை.

பழனி மலையிலிருந்து போகிறவர்களுக்குத் திருச்சி வழி வசதி. வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல் தாண்டி, மொத்தம் சுமார் 200 கி.மீ. அங்கிருந்து கோலாலம்பூர், பிறகு ஒரு மணி நேரத்தில் லங்காவி. நீலகிரிக்காரர்கள் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போகலாம். சூட்கேஸ் வேண்டாம். கேபினில் அதை வைக்க இடமே கிடையாது, மடித்துச் சொருகக்கூடிய துணிப்பைதான் சரி.

முதல் குறை, பாய்மரப் பயணம் என்று விற்றுவிட்டுப் பாதி தூரம் இன்ஜினில் ஓட்டுவது. தூரம் காரணமில்லை. ஒரு தீவுக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து கடல் மைல்தான். காரணம் நேரம். வாடைக்காலத்தில் காற்று விடிகாலையிலிருந்து நன்றாக வீசி, மதியத்தில் தணிவது வழக்கம். இவர்கள் நிரலிலோ ஒன்பது மணிக்குக் காலைச் சாப்பாடு, பத்தரைக்கு நங்கூரம் தூக்குவது. ஆளும் சாமானும் ஏற்றிய கேட்டமரன் எட்டு நாட்டுக்கும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) குறைந்த காற்றில் மூன்று நாட் வேகம்கூடப் போகாது. பிறகு இன்ஜினைத்தான் போட வேண்டும். ஸ்கிப்பர் மலேசியத் தமிழர், கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்: "ஏழு மணிக்கு எடுத்தா பாயிலயே போயிடலாம் அண்ணே, கேக்க மாட்டேங்குறாங்க." முன்பதிவின்போதே காலை ஏழு மணிப் புறப்பாடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். காப்பியை ஓடும் படகிலேயே குடிக்கலாம். கேட்டமரன் ஒற்றை உடல் படகு மாதிரி சாயாது, டம்ளர் மேசையிலேயே நிற்கும்.

காற்றின் போக்கு மலைக்காரர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். லங்காவியில் குனுங் ராயா மலை 881 மீட்டர். வடமேற்கில் மாட் சிஞ்சாங் செங்குத்தாக நிற்கிறது. வாடைக்காற்று இவற்றின் இடுக்குகளில் புகுந்து மேற்குக் கரையில் குப்பென்று இறங்கும். அங்கே நெருங்குமுன் ஸ்கிப்பர் பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கிவிடுகிறார். நல்ல பழக்கம்.

நங்கூரம் போடுவதில் இவர்கள் கெட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே நீர்மட்டம் இரண்டரை மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வற்றத்தில் 5 மீட்டர் ஆழம் என்றால், ஏற்றத்துக்கு இரண்டரை, படகின் முன்முனை உயரம் ஒன்றரை, மொத்தம் 9. அதன் ஐந்து மடங்கு, 45 மீட்டர் சங்கிலி விட வேண்டும். அப்போதைக்குத் தெரியும் ஐந்து மீட்டரை மட்டும் கணக்கில் எடுத்து 25 மீட்டர் விட்டால், நள்ளிரவில் நீர் ஏறும்போது சங்கிலி மேல்நோக்கி நிமிர்ந்து நங்கூரத்தைச் சேற்றிலிருந்து பிடுங்கிவிடலாம். இங்கே சங்கிலியில் பத்து மீட்டருக்கு ஒரு வண்ணக்குறி இருக்கிறது. நங்கூரம் விழுந்ததும் இன்ஜினைப் பின்னோக்கி மெதுவாகக் கூட்டி, கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். கோடு நகராவிட்டால்தான் இன்ஜின் அணைகிறது. இதைச் செய்யாத படகில் இரவு தங்காதீர்கள்.

கேபினைத் தேர்ந்தெடுப்பது நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். இரவிலும் உள்ளே 28 டிகிரிக்குக் குறையாது. ஏசி உண்டு, ஆனால் ஜெனரேட்டர் ஓடினால்தான் வேலை செய்யும், அதையும் பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். கம்பளியில் தூங்கிப் பழகியவர்கள் முன்பக்க கேபினைக் கேளுங்கள். நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றைப் பார்த்துத் திரும்பும், மேல்கதவைத் திறந்தால் நேராகக் காற்று இறங்கும். சங்கிலி உரசும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்பக்க கேபினுக்குக் கீழே இன்ஜின், சூடு. நீரோட்டம் வலுவான இடத்தில் படகு காற்றை விட்டு ஓட்டத்தைப் பார்த்து நிற்கும், அங்கே எந்த கேபினும் புழுக்கம்தான். கிலிம் என்ற இடத்தில் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே சதுப்பு நில ஓடைக்குள் நங்கூரம் போடும் இரவு இப்படித்தான் போகும். இடம் அழகு, கொசுவும் உண்டு.

தண்ணீர்த் தொட்டி 600 லிட்டர். பத்துப் பேர் ஆளுக்கு 15 லிட்டர் செலவழித்தால் நான்கே நாள். நிரலோ ஐந்து நாள், நடுவில் நிரப்புவதும் இல்லை. இதை முதல் நாளே சொல்லாமல் மூன்றாம் நாள் குழாயை மூடுகிறார்கள். கடலில் குளித்துவிட்டு, பின்படியில் உள்ள கைக்குழாயில் மூன்று லிட்டரில் உப்பை அலசினால் போதும் என்று ஏறும்போதே சொல்லியிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். கழிப்பறை கைப்பம்பு. காகிதம், தலைமுடி எதுவும் போகக்கூடாது. இருபது தடவையாவது பம்பை அடித்தால்தான் குழாய் முழுதும் காலியாகும். அரைகுறையாக விட்டால் வால்வில் அடைத்து வாடை எடுக்கும்.

மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுப்பவர்களுக்குப் படகிலும் வரலாம். மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்தபின் போட்டுப் பயனில்லை. இஞ்சி மரப்பா கொண்டுபோங்கள், வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், கேபினுக்குள் இறங்காமல் வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

சாப்பாடு நன்று. சைவம் என்று சொன்னாலும் கீரையில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ந்துவிடும், அதைப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. ஊட்டி, கொடைக்காரர்கள் கூவாவில் சாக்லேட்டுக்கு வரிசையில் நிற்பது தனி வேடிக்கை.

டாயாங் புந்திங் தீவின் நன்னீர் ஏரிக்கு டிங்கியில் (மோட்டார் வைத்த சிறு படகு) இறக்கிவிடுகிறார்கள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே சுண்ணாம்புப் பாறைச் சுவர்தான். பையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், குரங்குகளின் பழக்கம் கோக்கர்ஸ் வாக் குரங்குகளுக்குச் சளைத்ததில்லை. டிங்கி மோட்டார் கிளம்பி இரண்டு நிமிடத்தில் நின்றால், பெரும்பாலும் பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பார்கள். திறந்துவிட்டு ரப்பர் குமிழை அமுக்கினால் ஓடும். அதுவரை துடுப்புதான், கொடை ஏரியில் பழகிய கைக்கு அது பெரிதில்லை. குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் படகில் இரண்டே இரண்டு. முன்பதிவின்போது குழந்தையின் எடையைச் சொன்னால் கூடுதலாக ஏற்றி வைக்கிறார்கள்.