டூர் கேன்சல்: இன்ஷூரன்ஸை நம்பலாமா? ஒரு விமர்சனம்

கேரளாவில் நிபா வைரஸ் என்று டிவியில் ஓடினால் போதும், சென்னை டிராவல் ஏஜென்ட்டுகளின் போன் அன்று மாலைக்குள் சூடாகிவிடும். மூணாறுக்கோ வயநாட்டுக்கோ புக் செய்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இன்ஷூரன்ஸ் போட்டிருக்கோமே, கேன்சல் பண்ணா பணம் வந்துடும்ல?" பெரும்பாலும் வராது. டிராவல் இன்ஷூரன்ஸில் 'பயண ரத்து' என்ற பிரிவு எதற்கு உதவும், எதற்கு உதவாது, அதே பாதுகாப்பு ரயில் டிக்கெட்டிலும் விமான டிக்கெட்டிலும் ஓட்டல் புக்கிங்கிலும் எவ்வளவு கிடைக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் இன்ஷூரன்ஸ். அதிலுள்ள ரத்துப் பிரிவு, பட்டியல் போட்டுக் கொடுக்கும் பாதுகாப்பு. எந்தெந்தக் காரணத்துக்கு ரத்து செய்தால் பணம் என்று பாலிசி வாசகத்தில் எழுதியிருக்கும். அதில் இல்லாத காரணத்துக்குக் காசு கிடையாது. வழக்கமாக இருப்பவை: பாலிசியில் உள்ளவரோ நெருங்கிய உறவினரோ இறந்துபோவது, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது, வீடு தீப்பிடிப்பது, போகும் இடத்தில் இயற்கைப் பேரிடர். 'போகிற ஊரில் காய்ச்சல் பரவுகிறது, குழந்தைகளோடு போக மனசு வரவில்லை' என்பது பட்டியலில் இருக்காது. சில பாலிசிகளில் கொள்ளைநோய் என்றாலே விலக்கு என்று தனி வரி உண்டு. எந்தக் காரணமானாலும் ரத்து செய்யலாம் என்று கூடுதல் பிரீமியத்துக்கு விற்பவையும் உண்டு. அவற்றில் முழுத் தொகை வராது, ஒரு பங்குதான் வரும், கிளம்புவதற்கு எவ்வளவு முன்னால் ரத்து செய்ய வேண்டும் என்ற கெடுவும் இருக்கும். அந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் பிரீமியம் கட்ட வேண்டாம்.

கிளைம் அடிபடும் இடங்கள் மூன்று. முதலாவது தேதி. நோய்ப் பரவல் அறிவிக்கப்பட்ட பிறகு வாங்கிய பாலிசி, அந்தப் பரவலுக்குச் செல்லாது. 'தெரிந்த நிகழ்வு' என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் பாலிசி எடுப்பது, ரத்துப் பிரிவைப் பொறுத்தவரை வீண் செலவு. இன்னொன்றையும் கவனியுங்கள்: ரத்துப் பாதுகாப்பு, பாலிசி வாங்கிய நாளில் தொடங்கி நீங்கள் கிளம்பும் நேரத்தில் முடிந்துவிடும். மருத்துவப் பாதுகாப்பு கிளம்பிய பிறகுதான் தொடங்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் பாலிசி எடுப்பவர், ரத்துப் பிரிவுக்கும் சேர்த்துப் பணம் கட்டி, அதை ஒரே நாள் அனுபவிக்கிறார். எடுப்பதானால் முதல் அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி அட்மிஷன். சென்னையில் வடகிழக்குப் பருவமழையும் டெங்கு சீசனும் அரையாண்டு விடுமுறை டூரும் ஒன்றன் மேல் ஒன்று வந்து உட்காரும். குழந்தைக்கு என்எஸ்1 என்ற டெங்கு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ், ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பரவாயில்லை, டாக்டர் வீட்டிலேயே வைத்து நீராகாரம் கொடுக்கச் சொல்கிறார். டூர் போக முடியாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாலிசி கேட்பது குறைந்தது 24 மணி நேர உள்நோயாளி அனுமதி என்றால், இந்தக் கிளைம் நிற்காது. 'பயணத்துக்குத் தகுதியில்லை' என்ற மருத்துவரின் சான்றே போதும் என்று சொல்லும் பாலிசிதான் குடும்பங்களுக்கு உகந்தது. பிரீமியம் சற்றுக் கூடினாலும் அதையே எடுக்கலாம். பாலிசி வாசகத்தில் தேட வேண்டிய வார்த்தைகள் இவைதான், விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் லட்சங்கள் அல்ல.

மூன்றாவது, யார் யார் ஒரே பாலிசியில். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஐந்து பேருமே வீட்டில் இருப்பார்கள். ஐந்து தனித்தனி பாலிசி என்றால், நோயாளியின் டிக்கெட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்ற நாலு பேரின் பணத்துக்குக் கைவிரிக்கலாம். 'நெருங்கிய உறவினர்' என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வரையறை வைத்திருக்கிறது. மாமியாரும் மாமனாரும் அதில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலுக்குள் வரும் காரணம் என்றால் இந்தப் பொருள் ஒழுங்காகவே வேலை செய்கிறது, காகிதம் சரியாக இருந்தால். காய்ச்சல் உறுதியானதும் முதலில் கம்பெனிக்குத் தகவல், அதே நாளில் டிக்கெட், ஓட்டல் ரத்து. இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இழுத்தால் ரத்துக் கட்டணம் ஏறும். ஏறிய பங்கு உங்கள் தாமதம் என்று கழித்துவிடுவார்கள். தேவைப்படும் காகிதங்கள்: தேதியோடு டாக்டர் சீட்டு, லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, பணம் கட்டிய ரசீது, எவ்வளவு பிடித்து எவ்வளவு திருப்பினார்கள் என்ற பிரிப்போடு ரத்து இன்வாய்ஸ், கேன்சல் செய்த காசோலை ஒன்று. ரத்து இன்வாய்ஸ்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். 'ரீஃபண்ட் நில்' என்ற எஸ்எம்எஸ் போதாது. திரும்பக் கிடைக்காத தொகையைத்தான் கம்பெனி தரும், அது எவ்வளவு என்று விற்றவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, ரத்து செய்யத்தான் வேண்டுமா? அது எந்த நோய் என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் ஒரே பயத்தில் போட்டுக் கலக்குவதால்தான் வீண் ரத்துகள் நடக்கின்றன.

நிபா நெருங்கிய தொடர்பில், குறிப்பாக நோயாளியைக் கவனிப்பவர்களுக்கும் ஆஸ்பத்திரிச் சூழலிலும் பரவும் நோய். 2018-ல் கோழிக்கோடு, மலப்புறம் பகுதியில் வந்தது. 2023-ல் மறுபடி கோழிக்கோடு. கேரள அரசு வார்டு அளவில் கட்டுப்பாட்டுப் பகுதி அறிவிக்கும். ஆகவே 'கேரளாவில் நிபா' என்ற தலைப்பை வைத்து இடுக்கி மாவட்டத்து மூணாறை ரத்து செய்வதில் அர்த்தமில்லை. உங்கள் தங்குமிடமும் வழியும் அந்த வார்டுகளைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி. தொடுகிறது என்றால் தயங்காமல் ரத்து செய்யுங்கள். பலர் யோசிக்காத சிக்கல் திரும்பி வந்த பிறகுதான். தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கண்காணிக்கிறார்கள். அந்தப் பகுதிக்குப் போய் வந்த குழந்தைக்கு அதற்குள் சாதாரண வைரல் காய்ச்சல் வந்தாலும், இங்கே ஆஸ்பத்திரியில் பயண விவரம் கேட்பார்கள், தனிமைப்படுத்தலாம். வாளையார் போன்ற எல்லைச் சாவடிகளில் காய்ச்சல் சோதனையும் இருக்கும். பரீட்சை நெருங்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள்.

டெங்கு கதையே வேறு. சென்னையில் இருப்பவர் டெங்குவுக்குப் பயந்து வேறு ஊருக்குப் போவதை ரத்து செய்வது வேடிக்கை. கொசு இங்கேயும் உண்டு. அங்கே ரத்துக் கேள்வி ஊரைப் பற்றியது அல்ல, வீட்டில் இப்போது காய்ச்சலில் இருப்பவரைப் பற்றியது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாள் வரை, அதுவும் காய்ச்சல் இறங்கும்போது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: புதன்கிழமை காய்ச்சல் ஆரம்பம், சனிக்கிழமை காலை வால்பாறை கிளம்ப வேண்டும். சனி நாலாம் நாள், திங்கள் ஆறாம் நாள். டூர் முழுவதும் அந்தக் கட்டத்துக்குள் விழுகிறது. வெள்ளி இரவு காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷமாகக் கிளம்புவதுதான் நடக்கும் தப்பு. ஞாயிறு ராத்திரி வயிற்றுவலியும் விடாத வாந்தியுமாகக் குழந்தை சோர்ந்தால், 40 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். காய்ச்சல் தொடங்கி ஒரு வாரத்துக்குள் மலைப் பயணம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் நம்பகம். பாராசிட்டமாலைத் தவிர வலி மாத்திரை, ஐபுபுரோஃபென் எதுவும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

மஞ்சள் காமாலை, காலரா போன்ற தண்ணீர் வழி நோய்கள் என்றால் கொதிக்கவைத்த நீரோடு சமாளித்துப் போய்வரலாம். கேரளாவில் அமீபா மூளைக்காய்ச்சல் செய்தி வந்திருந்தால் குளத்திலும் தேங்கிய நீரிலும் இறங்காதீர்கள், அதற்காக டூரையே விட வேண்டியதில்லை. ஃப்ளூ பரவும்போது பாட்டி, தாத்தா, கர்ப்பிணிகள் இருக்கும் குழுவுக்கு வேறு தீர்ப்பு: தடுப்பூசி போட்டு வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், அந்த அவகாசம் இல்லையென்றால் தள்ளிப்போடுவது நல்லது. ஒரு எச்சரிக்கை: டாக்டர் வேண்டாம் என்று எழுதியும், அரசு போகாதீர்கள் என்று அறிவித்தும் மீறிப் போனால், மருத்துவக் கிளைமுக்கும் பல பாலிசிகளில் விலக்கு உண்டு.

ரத்துச் செலவில் ரயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2015 நவம்பரில் வந்த கட்டண அட்டவணைப்படி, உறுதியான டிக்கெட்டைக் கெடுவுக்கு முன் (அந்த அட்டவணையில் 48 மணி நேரம்) ரத்து செய்தால் பிடிப்பு ஆளுக்கு ஸ்லீப்பருக்கு 120, மூன்றடுக்கு ஏசிக்கு 180, இரண்டடுக்கு ஏசிக்கு 200 ரூபாய். ஏசிக்கு ஜிஎஸ்டி தனி. சென்ட்ரலில் இருந்து கோழிக்கோட்டுக்கு மங்களூர் மெயிலில் மூன்றடுக்கு ஏசியில் ஐந்து பேர் என்றால் 900 ரூபாயும் வரியும். அதற்குப் பிறகு கால்பங்கு பிடிப்பு, அப்புறம் பாதி, கடைசியில் ரீஃபண்டே இல்லை என்று படி இறங்கும். இந்த மணிக்கணக்குகளை ரயில்வே அவ்வப்போது மாற்றும் என்பதால், ரத்தை உறுதி செய்யும் முன் ஐஆர்சிடிசி அன்று என்ன விதி போட்டிருக்கிறது என்று படித்துவிடுங்கள். உறுதியான தட்கலுக்கு ரீஃபண்ட் கிடையாது. கன்வீனியன்ஸ் கட்டணமும் திரும்பாது.

ரயிலில் இரண்டு வசதிகள் குடும்பத்துக்கு ரொம்ப உபயோகம். ஒரே பி.என்.ஆரில் ஒருவரை மட்டும் ரத்து செய்யலாம். காய்ச்சல்காரக் குழந்தையும் அம்மாவும் நிற்க, மற்றவர்கள் போகலாம். உறுதியான டிக்கெட்டை அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி பெயருக்கு மாற்றவும் முடியும். ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன், முன்பதிவு அலுவலகத்தில் டிக்கெட் பிரிண்ட், உறவு காட்டும் அடையாள அட்டையோடு எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரே ஒரு முறைதான். டிக்கெட் எடுக்கும்போது டிக் செய்யும் 45 பைசா இன்ஷூரன்ஸைக் கேன்சல் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ரயில் விபத்து போன்ற அசம்பாவிதங்களுக்குத்தான்.

விமானத்தில் விலை மலிந்தால் ரீஃபண்டும் மலியும். ஆனாலும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதிப்படி ரத்துக் கட்டணம், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததைத் தாண்டக் கூடாது. சலுகை டிக்கெட்டோ, போகாமலே விட்ட டிக்கெட்டோ, சட்டப்படியான வரிகளும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் பயணிக்குத் திரும்ப வேண்டும். கேட்காவிட்டால் பலருக்கு இது வந்து சேராது, கேளுங்கள். பணத்துக்குப் பதில் கிரெடிட் ஷெல் (அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளும் வரவு) என்பது உங்கள் விருப்பம்தான். நோய்ப் பரவலால் விமானமே ரத்தாகும் நிலை தெரிந்தால் முந்திக்கொண்டு நீங்கள் ரத்து செய்யாதீர்கள்: விமான நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணம் அல்லது மாற்று விமானம். கொரோனா ஊரடங்குக் கால டிக்கெட்டுகளின் பணத்துக்குக்கூட உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

ஓட்டலில் 'இலவச ரத்து' என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் தேதி, நேரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வெளிநாடு என்றால் அது அந்த ஊர் நேரம். கெடு தாண்டியிருந்தால் பணம் கேட்டு மல்லுக்கட்டுவதை விட தேதி மாற்றம் கேட்பது பலிக்கும். காலி அறையை வைத்துக்கொண்டிருக்கும் ஓட்டல் இதற்கு எளிதில் இறங்கிவரும். ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பி, வாட்ஸ்அப்பில் 'ஓகே சார்' மட்டும் வாங்கிய ஹோம்ஸ்டே, போட் ஹவுஸ் புக்கிங்தான் இருப்பதிலேயே பலவீனம். ஏஜென்ட் பேக்கேஜ் அடுத்தது: எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள், தேதி மாற்றினால் என்ன கட்டணம் என்பதை அட்வான்ஸுக்கு முன் மின்னஞ்சலில் வாங்குங்கள். விசா கட்டணம் எப்படியும் போனது போனதுதான்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், உள்நாட்டுக் குடும்ப டூருக்கு 60 நாள் முன்பதிவில் எடுத்த சாதாரண ரயில் டிக்கெட்டும், கடைசி வாரம் வரை இலவச ரத்து உள்ள அறையும், ரத்துப் பிரிவுக்காகவே எடுக்கும் பாலிசியை விடக் கெட்டி. அறை வாடகை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அந்தக் கூடுதலைப் பிரீமியம் என்று எழுதிக்கொள்ளலாம். வெளிநாடு என்றால் பாலிசி அவசியம், அதுவும் மருத்துவச் செலவுக்காக.

கிளைமை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் ஃபாத்திமா அக்தர் கோர்ட் என்ற கட்டடத்தில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) அலுவலகம். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம், பாலிசி வாசகம், டாக்டர் சீட்டு மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டு போங்கள். ஏர்லைன்ஸ், ஓட்டல், ஏஜென்ட் விவகாரம் அங்கே எடுபடாது. அதற்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்.