சாம்சங் ஏ16 போனும் மாத பில் (போஸ்ட்பெய்ட்) இணைப்பும்: படுவான்கரை ஆட்கள் எடுக்கலாமா?

போன் நல்லது, வாங்கின கடை அதைவிட நல்லது, மாத பில் இணைப்பில்தான் கவனம் வேணும். அவசரமாக வாசிக்கிற ஆட்களுக்கு இவ்வளவு போதும்.

அம்மாவுக்குத்தான் எடுத்தேன். அவ இருக்கிறது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். டவுனில், கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் எந்த சிம் போட்டாலும் சிக்னல் நிறைந்திருக்கும், வாவியைத் தாண்டி உள்ளே போனால்தான் எந்த சிம் என்ன சரக்கென்று விளங்கும். ஒரு வளவில் வடிவாக இழுக்கிற சிம், அடுத்த ஒழுங்கையில் முற்றத்துக்கு வந்தால்தான் கதைக்கவே விடும். அதனால் பக்கேஜ் விலையைப் பார்க்க முதல், அயல் வீட்டு ஆட்களின் போனை வாங்கி, இருக்கப்போகிற வீட்டுக்குள்ளேயே, அதுவும் இரவு எட்டு மணி போல, ஒரு வீடியோ கோல் எடுத்துப் பாருங்கள். அந்த நேரம் ஊரே ஒரு ரவரைப் பங்கு போடும், பகலில் பார்த்த வேகம் இரவில் இருக்காது.

கடை காத்தான்குடி பிரதான வீதியில். கடைக்கார நானா சீல் உடைக்க முதலே பெட்டியில் ஒட்டியிருந்த 15 இலக்க ஐஎம்ஈஐ நம்பரை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற அடையாள நம்பரை, என் போனில் அடிக்கச் சொல்லி, ஆங்கிலத்தில் ஐஎம்ஈஐ, ஒரு இடைவெளி, பிறகு நம்பர், அப்படியே 1909க்கு மெசேஜ் போட வைத்தார். பதில் வந்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார், *#06# அடித்து, போன் காட்டுகிற ஐஎம்ஈஐயும் பெட்டியில் இருந்ததும் ஒன்றுதானா என்றும் காட்டினார். 2025 ஜனவரி 28க்குப் பிறகு தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியாத புதுப் போன் இங்கே வேலை செய்யாது என்று அறிவித்திருப்பதால் இது சும்மா விளையாட்டில்லை. அதே போன் இன்னொன்று கொஞ்சம் மலிவாகவும் அங்கே இருந்தது. "அது கடை வொறன்டி தம்பி, ஏஜன்ட் வொறன்டி இல்ல" என்று அவரே சொன்னார், பழுதானால் கடைதான் பார்க்கும், கம்பனி ஏஜன்ட் பொறுப்பில்லை. கேட்காமலே இதைச் சொல்கிற கடை எத்தனை இருக்கு?

போன் சாம்சங் ஏ16, 4ஜி. 6.7 அங்குலத் திரை, அம்மா கண்ணாடி இல்லாமலே எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கிறா. 5000 எம்ஏஎச் பற்றரி. ஆறு வருடத்துக்கு அப்டேட் தருவார்கள் என்பதுதான் என்னை இழுத்தது, இந்த விலைப் போன்களில் அது அரிது. பாரம் 200 கிராம், ஒரு கையில் பிடித்துக் கதைத்தால் கை உளையுமாம். இயர்போன் குத்துகிற ஓட்டை இல்லை.

இனி இணைப்பு. கம்பனிப் பெயர் வேண்டாம். கவுண்டரில் பலகையைக் காட்டி ஒரு விலை சொன்னார்கள், வந்த பில்லில் வேறு விலை. அழைத்துக் கேட்டால், பலகையில் இருப்பது வரி சேர்க்காத விலையாம். வற் (VAT) வரி மட்டுமே 18 சதவீதம், அதோடு மற்ற வரிகளும் ஏறினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். கட்டுகிற மனிதருக்கு வரியோடு சேர்ந்ததுதானே விலை, அதைப் பலகையில் எழுதினால் என்ன குறைந்துபோகும்? டேட்டாவிலும் ஒரு பெரிய பங்கு நடுச்சாமத்துக்குப் பிறகு மட்டும் பாவிக்கிற டேட்டா. அம்மா ஒன்பது மணிக்கே படுக்கிற ஆள், அந்த நேரம் எழும்பி யாருக்கு வீடியோ கோல் எடுப்பா? மாதம் முடிய மிச்சமும் போய்விடும்.

நாள் முழுக்க வீட்டிலிருந்து கணினி வேலை செய்கிறவர்களுக்கு போஸ்ட்பெய்ட் லாபமாக இருக்கலாம், ரீலோட் பண்ணுகிற தொல்லை இல்லை. அம்மா மாதிரி ஆட்களுக்கு ப்ரீபெய்ட் டேட்டா காட்டே போதும். நானும் இந்த பில் சுற்று முடிய மாற்றப்போகிறேன்.

கடைக்குப் போகிறவர்கள் சார்ஜருக்கும் காசு கொண்டு போங்கள், பெட்டிக்குள் வராது. 25 வோட்ஸ் என்று பார்த்து எடுங்கள், நானாவிடம் கேட்டால் கொஞ்சம் குறைத்தும் தருவார்.