என் குரல் மட்டும் உடைந்தது: ஒரு கம்பியில்லா ஹெட்செட், நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் வீடியோ அழைப்பில் கணக்குப் பாடம் நடத்துவது என் வேலை. எழுந்து நின்று பலகையில் எழுதும்போதெல்லாம் கம்பி இழுத்துக்கொண்டே இருந்ததால், காதை முழுவதும் மூடும், வாயருகே வளைந்து வரும் மைக் கொண்ட கம்பியில்லா ஹெட்செட் ஒன்றை வாங்கினேன். கைபேசியுடன் நேரடியாக ப்ளூடூத்தில் இணையும். கணினிக்கென, யூஎஸ்பி துளையில் செருகும் நகத்தளவு ப்ளூடூத் டாங்கிள் ஒன்றும் பெட்டியிலேயே வருகிறது. முதல் மூன்று வாரங்கள் இதைப் பழுதான பொருள் என்றே நினைத்தேன். அந்த நினைப்பு தவறென்று தெரிந்த விதத்தைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுத முடியாது.

அணிவதற்கு மிகவும் இதமாக இருக்கிறது. இரண்டு மணி நேர வகுப்பு முடிந்த பிறகும் காது மடல் வலிப்பதில்லை. மைக்கை மேலே தூக்கினால் ஒலி நின்றுவிடுவதும், மின்விசிறியின் சத்தத்தை அது நன்றாக வடிகட்டிவிடுவதும் எனக்குப் பிடித்தவை.

சிக்கல் ஒரு மாலை வகுப்பில் தெரியவந்தது. விடை அறுபத்து நான்கு என்று நான் சொல்ல, மாணவி ஒருத்தி எழுபத்து நான்கு என்று எழுதியிருந்தாள். "மிஸ், முன்னாடி சொன்னது விழவே இல்லை, பத்து நாலுன்னுதான் கேட்டுச்சு" என்றாள். அறுபதுக்கும் எழுபதுக்கும் முதல் இரண்டு எழுத்துகள்தான் வேறுபாடு. அந்த இரண்டு எழுத்துகள் காற்றில் தொலைந்துபோனால் கணக்கே மாறிவிடுகிறது. அவள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பாட்டு போட்டுப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. வகுப்பின் ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் என் குரல் எவ்வளவு மோசமாக உடைகிறது என்பது புரிந்தது.

விற்றவர்களிடம் புகார் செய்தேன். ரீசெட் செய்யச் சொன்னார்கள், மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், இறுதியில் வேறொரு ஹெட்செட்டையே மாற்றித் தந்தார்கள். அதிலும் அதே உடைசல். டாங்கிளை எங்கே செருகியிருக்கிறீர்கள், அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

விடை அந்தக் கேள்வியில்தான் இருந்தது. என் மேசையில் யூஎஸ்பி 3.0 ஹப் (ஒரு துளையைப் பலவாக்கித் தரும் சிறு பெட்டி) ஒன்று உண்டு. அதில் ஹெட்செட்டின் டாங்கிள், கீபோர்டுக்கும் மவுஸுக்குமான இன்னொரு டாங்கிள், வகுப்புகளைப் பதிவு செய்யும் நாட்களில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் என மூன்றும் விரற்கடை இடைவெளியில் அடுத்தடுத்து இருந்தன. பதிவு செய்யும் நாட்களில்தான் குரல் உடைகிறது என்பதும், அதே நாட்களில்தான் மவுஸ் அம்பு திரையில் தத்தித் தத்தி நகர்கிறது என்பதும் மெல்லத்தான் எனக்கு உறைத்தன. ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினேன், குரல் சீரானது. மறுபடி செருகினேன், உடைந்தது. ஐந்தாறு முறை செய்து பார்த்தும் ஒரு முறைகூட மாறவில்லை.

காரணம் இதுதான். ப்ளூடூத்தும், கம்பியில்லா மவுஸ்களில் பெரும்பாலானவையும், வைஃபையின் ஒரு பகுதியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைப் பட்டையில் இயங்குகின்றன. யூஎஸ்பி 3.0 தரவை நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் அனுப்புகிறது. அந்த வேகத்தில் கேபிளிலிருந்தும் இணைப்பு முனையிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை பரவி விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்தபோது அந்தப் பட்டையின் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு, உயர்ந்ததாக அது காட்டுகிறது. ப்ளூடூத்துக்கு இடையூறு புதிதல்ல. தன் 79 சிறு தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே, நெரிசலான தடங்களைத் தவிர்த்துச் செல்லும் திறன் அதற்கு உண்டு. வைஃபை அவற்றில் இருபது, இருபத்திரண்டு தடங்களை அடைத்துக்கொண்டாலும் மற்றவற்றில் பிழைத்துக்கொள்ளும். யூஎஸ்பி இரைச்சலோ பட்டை முழுவதையும் மூடிவிடுவதால், தாவிச் செல்ல நல்ல இடமே மிஞ்சுவதில்லை.

என் குரல் மட்டும் உடைந்ததற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. இரைச்சல் பிறப்பது டாங்கிளின் காதருகே. ஹெட்செட்டிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையைக் கேட்கவேண்டியது அந்த டாங்கிள்தான். மாணவியின் குரலைக் கேட்க வேண்டிய ஹெட்செட்டோ இரைச்சலிலிருந்து தள்ளி, என் தலையில் இருக்கிறது. பாட்டு தப்பித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாட்டைச் சற்று முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொண்டு இசைப்பதால், தொலைந்த துண்டை மறுபடி அனுப்ப நேரம் கிடைக்கிறது. உரையாடலில் அந்த அவகாசம் மிகக் குறைவு. உரிய நேரத்தில் வந்து சேராத அசை போனது போனதுதான். ஆகவே பாட்டு நன்றாகக் கேட்கிறது என்பதை வைத்து ஒரு ஹெட்செட் அழைப்புக்கு ஏற்றது என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

தீர்வு எளிமையானது. ஒரு மீட்டர் நீள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைச் செருகி, ஹப்பிலிருந்து விலக்கி, நான் உட்காரும் பக்கமாக மேசை விளிம்பில் வைத்தேன். பழைய 2.0 வகைக் கேபிளே போதும். மவுஸ் டாங்கிளை மடிக்கணினியின் மறுபக்கத்தில் இருக்கும் 2.0 துளைக்கு மாற்றினேன். மடிக்கணினியின் வைஃபையையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். வீடியோ அழைப்பில் வைஃபை இருவழியிலும் ஓயாமல் இயங்குவதால் இந்த மாற்றமும் பலன் தருகிறது. அன்றிலிருந்து இன்றுவரை, ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதும், ஒரு அசைகூட விழாமல் போனதாக எந்த மாணவரும் சொல்லவில்லை.

என் மனக்குறை தயாரிப்பாளர்மீதுதான். பல மொழிகளில் அச்சிட்ட கையேட்டில் யூஎஸ்பி 3.0 பற்றி ஒரு வரி இல்லை. சாண் நீளக் கேபிள் ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தாலே நல்ல நிலையிலிருந்த ஒரு ஹெட்செட்டைத் திருப்பி அனுப்பும் அலைச்சல் நேர்ந்திருக்காது. அழைப்பு தொடங்கியதும் கேட்கும் ஒலியின் தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடுவதும் ஒரு குறைதான். அது வழக்கமான ப்ளூடூத் பேச்சு முறைக்கே உரிய வரம்பு என்பதால் இந்த ஹெட்செட்டை மட்டும் அதற்காகக் குறை சொல்ல மாட்டேன்.

டாங்கிளைத் தள்ளி வைக்க மேசையில் இடம் உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எல்லாவற்றையும் ஒரே ஹப்பில் அடுக்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் கம்பியுள்ள ஹெட்செட்டையே வாங்கலாம். நானும் என் பழைய கம்பி ஹெட்செட்டை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வு நடத்தும் நாட்களில் அதைத்தான் மாட்டிக்கொள்கிறேன்.