மாங்கூழ் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள்

மாங்காய் சீசன் நெருங்கினால் காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கத்து ஊர்களுக்கு மேஸ்திரிகள் ஆள் கேட்டு வருவார்கள். வேனில் ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் படிக்கத் தெரியாத அம்மா, அத்தை யாராவது வேலைக்குக் கிளம்பினால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

2024 சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனிக்கு எங்கள் தெருவிலிருந்து பதினொரு பெண்கள் போனோம். நாளுக்கு 450 ரூபாய், எட்டு மணி நேர வேலை, மேலே நின்றால் ஓவர்டைம் தனி என்றார் மேஸ்திரி. முதல் நாள் ஷெட்டுக்கு வெளியே ஒரு கிரேட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர்களைப் பரப்பி, "எல்லாம் பிஎஃப், இஎஸ்ஐக்குத்தாம்மா, சீக்கிரம் போடுங்க" என்றார். தேதி இல்லை, தொகை இல்லை. ஆளுக்கு ஐந்து கையெழுத்து. பன்னிரண்டாவது வரை படித்த நானே போட்டேன்.

காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் இரவு எட்டுக்குத்தான் வெளியே வருவோம். பழுத்த பெங்களூரா மாம்பழம் லோடு லோடாக இறங்கும்போது லைனை நிறுத்த முடியாது, ஒரு நாள் விட்டால் அழுகிவிடும். அது எங்களுக்கும் புரியும். ஆனால் சாப்பாட்டுக்கு விட்டது பதினைந்தே நிமிடம். நாளெல்லாம் பழம் நறுக்கினால் காம்பில் கசியும் பால் விரல் இடுக்கில் பட்டுத் தோல் வெந்துவிடும். அந்தக் கையோடு குழம்புச் சோற்றைப் பிசைந்தால் உயிர் போகும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஸ்பூன் கொண்டுவந்துதான் சாப்பிட்டார். இரண்டாவது தடவை பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் பெயரைக் குறித்துக்கொள்வார். அதற்குப் பயந்து பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்போது எங்களுக்குப் பொருந்தியது 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும். நாளுக்கு ஒன்பது மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு இரட்டைக் கூலி. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்த பிறகும் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது மாறவில்லை. எங்களுக்கு ஒற்றைக் கூலிகூட வரவில்லை. சீசன் முடிந்தபோது ஓவர்டைம் போக, 19 நாள் கூலியே பாக்கி, ஆளுக்கு 8,550 ரூபாய். மேஸ்திரியைக் கேட்டால் "கம்பெனியில பில் பாஸ் ஆகல". கம்பெனிக்குப் போனால் "நீங்க எங்க ஆளே இல்ல, மேஸ்திரியப் பாருங்க" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். மனு தொழிலாளர் துறைக்குப் போனது. மேஸ்திரி தெருவுக்கே வந்து, "அடுத்த வருசம் இந்த ஊர்ல ஒரு பொம்பளைக்கும் வேலை கிடையாது" என்று கத்திவிட்டுப் போனார். நான்கு பேர் பயந்து விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்.

விசாரணையில் கம்பெனிக்காரர் ஒரு ரிஜிஸ்டரை நீட்டினார். காலை எட்டு முதல் நாலரை வரை, நடுவில் அரை மணி ஓய்வு என்று எங்கள் பெயர்களுக்கு நேரே எழுதியிருந்தது. கூடவே அந்த வவுச்சர்கள். முழுக் கூலியும் ரொக்கமாகக் கொடுத்தாகிவிட்டதாம். கையெழுத்து என்னுடையதுதான். எனக்கு வாயே எழவில்லை.

பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு தாள் கட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். அவருக்கு எழுதத் தெரியாது. ஆறாவது படிக்கும் பேரனிடம் தினமும் ராத்திரி சொல்லி, தாளின் பின்பக்கம் எழுத வைத்திருக்கிறார்: "வேன் 7.10, வீடு 8.40." ஒரு நாள்கூட விடவில்லை. அந்த 19 நாளுக்கு முந்தைய கூலியெல்லாம் மேஸ்திரி ஜிபேயில்தான் போட்டிருந்தார், கடைசிக் கூலி மட்டும் ரொக்கமா என்று பேங்க் ஸ்டேட்மெண்ட்டை வைத்துக் கேட்டோம். ஆள் கூட்டிவந்த காண்ட்ராக்டர், அதாவது மேஸ்திரி, கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான கம்பெனிதான் தர வேண்டும், பிறகு மேஸ்திரியிடம் பிடித்துக்கொள்ளலாம் என்று அதிகாரி சட்டத்தைச் சொன்னதும் "எங்க ஆளே இல்ல" என்ற பேச்சு நின்றது.

மூன்றாவது விசாரணைக்குப் பிறகு 19 நாள் கூலி அக்கவுண்டில் ஏறியது. விலகிய நான்கு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்டு வாங்கினோம். ஓவர்டைம் இன்னும் வரவில்லை. வேலை நேரம், ஓய்வு பற்றிய புகாரைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தனியாகக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்திருக்கிறோம்.

அந்த சீசனில் எங்களோடு லைனில் நின்றவர்கள் இதைப் பார்த்தால் தொடர்புகொள்ளுங்கள். நேரம் குறித்த துண்டுத் தாள், வேன் வருவதற்குக் காத்திருந்தபோது எடுத்த போட்டோ, மேஸ்திரி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், எது இருந்தாலும் அழிக்காமல் வைத்திருங்கள்.